தட்டிப் பார்த்துக் கம்பியை இறுக்கினால் போதுமா? டயல் கேஜ் வேண்டுமா?

பாலக்கோடு புல்லட்:
நேற்று இங்கே ஒருவர், "கம்பிச் சக்கரத்தை வீட்டில் கட்டுகிறவன் தொப்பூர் இறக்கத்தில் உயிரை விடுவான், டயல் கேஜ் இல்லாதவன் பெண்டு எடுக்கவே கூடாது" என்று எழுதியிருந்தார். ரிம் எவ்வளவு கோணியிருக்கிறது என்று முள்ளால் காட்டும் அளவுகோலைத்தான் டயல் கேஜ் என்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் புல்லட்டின் 19 அங்குலச் சக்கரத்தில் 40 கம்பிகளையும் பிரித்து, என் வீட்டுத் திண்ணையில் நானே கோர்த்தேன். சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் ஓரத்தில் சாக்கட்டியைப் பிடித்தால், துருத்தும் இடத்தில் மட்டும் கோடு விழும். வலப்பக்கம் துருத்தினால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். கடைசியில் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்ட வேண்டும். எல்லாம் ஒரே ஒலி கொடுத்தால் வேலை முடிந்தது. இதில் டயல் கேஜுக்கு என்ன வேலை?

ஓசூர் மைக்ரான்:
அதை எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். "எல்லாம் ஒரே ஒலி" என்பது தவறு. ஹப் என்பது கம்பிகள் வந்து மாட்டும் சக்கரத்தின் நடுக்குடம். பிரேக் டிரம் பக்கத்து விளிம்பு பெரிதாக இருக்கும் ஹப்பில் அந்தப் பக்கக் கம்பி குட்டை. குட்டைக் கம்பி அதே இறுக்கத்தில் கூர்மையாக ஒலிக்கும். இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி வைத்தால் குட்டைக் கம்பிகள் தளர்ந்து கிடக்கும். இதைத்தான் திண்ணையில் செய்தீர்களா?

பாலக்கோடு புல்லட்:
எந்தப் பக்கத்தை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? காது இருக்கிறவனுக்கு அது தானே விளங்கும். ஒரே ஒலி என்றால் ஒரே ஒலிதான்.

அரூர் ஆர்எக்ஸ்:
அண்ணா, கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும் இடத்தில் உரசினால் ஒலி மட்டமாகத்தான் வரும். என் ஆர்எக்ஸ் 100-இல் 36 கம்பிகள். குறுக்கிடும் இடத்துக்கு மேலே தட்டினால் ஒரு ஒலி, கீழே தட்டினால் வேறு ஒலி. நீங்கள் எங்கே தட்டினீர்கள்?

பாலக்கோடு புல்லட்:
தம்பி, சத்தமே வராத வண்டியை நீ ஓட்டவில்லை, காதைக் கொஞ்சம் பழக்கு. நான் எங்கே தட்டினாலும் ஒரே ஒலிதான் வந்தது.

ஓசூர் மைக்ரான்:
எங்கே தட்டினாலும் ஒரே ஒலி வந்தால் நீங்கள் தட்டியது கம்பியை இல்லை. பல நிறுவனங்களின் பணிமனைக் கையேடுகளில் ரிம் கோட்டத்துக்கு 2 மி.மீ. எல்லை போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டுக்கும் எல்லை உண்டு, மேடு பள்ளத்துக்கும் உண்டு. சாக்கட்டிக் கோட்டில் மி.மீ. தெரியுமா? மேடு பள்ளத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
கம்பிகளை இறுக்கி முடித்ததும், ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் மரைக்குமிழான நிப்பிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் தேய்த்தீர்களா? அந்த முனைகள் ட்யூபைக் குத்தாமல் மறைக்கும் ரிம் டேப் போட்டீர்களா? போன வருடம் எனக்கு ஒருவர் கட்டிக்கொடுத்த சக்கரத்தில் அதைச் செய்யவில்லை. அஞ்செட்டி மலைப்பாதையில் ட்யூப் கிழிந்து இருட்டில் வண்டியைத் தள்ளினேன். அவர் இந்த விவாதத்தில்தான் இருக்கிறார்.

அரூர் ஆர்எக்ஸ்:
என்னைச் சொல்கிறீர்கள் என்றால் நேராகச் சொல்லுங்கள். டேப்பை நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள், காசு மிச்சம் என்று.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. கூலியைக் கையில் வாங்கும்போது இருந்த ஞாபகம் இப்போது எங்கே போயிற்று?

பாலக்கோடு புல்லட்:
உங்கள் கணக்கு வழக்கை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரான், மேடு பள்ளத்தை நான் முதலில் பார்த்து முடித்தேன், அதை எழுதவில்லை, அவ்வளவுதான். பின் சக்கரத்தைப் பிரிக்கும் முன்பே மட்டப்பலகை வைத்து ரிம் எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்று குறித்தும் வைத்தேன். அதைக் குறிக்காமல் பிரித்தவன் கட்டும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதெல்லாம் ஆலைக்குள் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 2004-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்தே ஓசூர்க்காரர்களுக்குத் தர்மபுரிக்காரன் கைவேலை இளப்பம்.

ஓசூர் மைக்ரான்:
மாவட்டம் எதற்கு இங்கே? கிருஷ்ணகிரியில் என்றாலும் தர்மபுரியில் என்றாலும் குட்டைக் கம்பி குட்டைக் கம்பிதான். எல்லாக் கம்பிக்கும் ஒரே ஒலி என்று எழுதியதைத் திருத்துங்கள். இதைப் படித்துவிட்டு ஒரு பையன் அப்படியே கட்டினால் யார் பொறுப்பு?

பாலக்கோடு புல்லட்:
திருத்த மாட்டேன். கட்டி முடித்துச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி தட்டிப் பார்த்தேன். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. டயல் கேஜ் அதைச் சொல்லுமா? ரிம் நேராகவே சுற்றும், உள்ளே நான்கு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்.

அரூர் ஆர்எக்ஸ்:
நிப்பிள் மரையில் எண்ணெய் விட்டிருக்க மாட்டீர்கள். எண்ணெய் இல்லாமல் இறுக்கினால் நிப்பிளோடு கம்பியும் முறுக்கிக்கொள்ளும், ஓட்டியதும் முறுக்கு விட்டுத் தளரும்.

பாலக்கோடு புல்லட்:
எண்ணெய் விட்டால் தானே கழன்று வராதா? டேப் போடாதவன் எனக்கு எண்ணெய்ப் பாடம் எடுக்கிறான்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
ஆக, டேப் போடவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஓசூர் மைக்ரான்:
இரு பக்க ஹப் விளிம்பையும் அளந்து இங்கே போடுங்கள். அதுவரை எண்ணெயைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

பாலக்கோடு புல்லட்:
அளக்க மாட்டேன். அளக்காமல்தான் கட்டினேன், அளக்காமல்தான் அடுத்த வாரம் முன் சக்கரத்தையும் பிரிக்கப் போகிறேன்.