ஒன்டாரியோவில் பெண்கள் ஹோம் இன்ஸ்பெக்டர் ஆகலாமா? ஏணியை விட ரியல்டர்தான் கவலை

கேள்வி

வணக்கம். சொந்த ஊர் திருச்சி பக்கம் லால்குடி. பி.இ. சிவில் முடிச்சு, கல்யாணம் வரைக்கும் சைட் இன்ஜினியரா இருந்தேன். அவருக்கு இங்க கனடாவில வேலை கிடைச்சு, டொராண்டோ பக்கம் ஏஜாக்ஸ் வந்திருக்கோம். பையனுக்கு நாலு வயசு. வீடு வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் முழுசா சோதிச்சுப் பார்க்கிறாங்களே, அந்த ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் கோர்ஸ் விளம்பரம் கண்ணில பட்டது. விசாரிச்சா, "அது ஆம்பளைங்க வேலைம்மா, பனியில ஏணி தூக்கிட்டு அலையணும்"ங்கிறாங்க. இந்தத் தொழில்ல இருக்கிற நம்ம பொண்ணுங்க யாராவது இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்களேன்.

பதில்

நான் கரூர். ஸ்கார்பரோவில இருந்துக்கிட்டு இந்த வேலைதான் பார்க்கிறேன். கேட்டவுடனே எல்லாரும் ஏணியைத்தான் சொல்லுவாங்க. மடக்கி கார் டிக்கியில போடுற ஏணி வந்து எத்தனையோ காலமாச்சு, அதைத் தூக்கிறது ஒரு விஷயமே இல்லை. கஷ்டம் வேற இடத்தில இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல சட்டம். ஒன்டாரியோவில ஹோம் இன்ஸ்பெக்டருக்கு அரசாங்க லைசென்ஸ் கிடையாது. 2017-ல ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் ஆக்ட்னு ஒண்ணு சட்டமன்றத்தில நிறைவேறிச்சு. ஆனா அதை நடைமுறைக்குக் கொண்டு வராம அப்படியே வச்சிருக்காங்க. பிரிட்டிஷ் கொலம்பியாவில 2009-லயும், ஆல்பர்ட்டாவில 2011-லயும் லைசென்ஸ் கட்டாயம் ஆயிடுச்சு. அதனால நாளைக்கு வான்கூவர் இல்ல கால்கரி மாறுற எண்ணம் இருந்தா அங்கத்து விதியைத் தனியா பாருங்க.

லைசென்ஸ் இல்லைன்னா நுழையறது சுலபம்தானேன்னு தோணும். பெண்களுக்கு அது ஒரு விதத்தில பாதகம். காட்டுறதுக்கு அரசாங்கச் சீட்டு இல்லாத தொழில்ல, வாங்குறவர் ஆளோட தோற்றத்தை வச்சுத்தான் நம்புவார். அவர் மனசில இருக்கிற இன்ஸ்பெக்டர் அம்பது வயசு ஆம்பளை, பிக்கப் ட்ரக், கையில பெரிய டார்ச். அதனால நமக்குப் பட்டம் ரொம்ப முக்கியம். ஒன்டாரியோ அசோசியேஷன் ஆஃப் ஹோம் இன்ஸ்பெக்டர்ஸ் 1994-ல தனிச் சட்டம் மூலமா அங்கீகாரம் வாங்கின சங்கம். அவங்க கொடுக்கிற ஆர்.எச்.ஐ. (ரெஜிஸ்டர்டு ஹோம் இன்ஸ்பெக்டர்) பட்டத்தைப் பேருக்குப் பின்னாடி போட்டுக்கலாம். படிப்பு, பரீட்சை, அனுபவம், உங்க ரிப்போர்ட்டை வேற இன்ஸ்பெக்டர் சரிபார்க்கிறது, எல்லாம் சேர்ந்துதான் அது வரும். இன்டர்நாச்சிங்கிற சர்வதேச இன்ஸ்பெக்டர் சங்கத்தோட சான்றிதழ் ஆன்லைன்ல சீக்கிரம் முடியும். ஆரம்பிக்க அது போதும், அதோட நின்னுடாதீங்க.

நீங்க சிவில்ங்கிறதால இதையும் சொல்லிடறேன். இன்ஜினியர் லைசென்ஸ் கொடுக்கிற ப்ரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ 2023 மே மாசத்திலேர்ந்து கனடா அனுபவம் கட்டாயம்ங்கிற விதியை எடுத்துட்டாங்க. இன்ஜினியர் லைசென்ஸுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லை. சுவர் விரிசல் கட்டடத்தோட பலத்தைப் பாதிக்குமான்னு எழுத்துல கருத்து சொல்ற அதிகாரம் இன்ஜினியருக்குத்தான் உண்டு. அதுக்குக் கிடைக்கிற காசும் வேற.

வேலை என்னன்னா, கண்ணால பார்க்கிறது. சுவரை உடைக்கக் கூடாது, எதையும் கழட்டிப் போடக் கூடாது. விதிவிலக்கு மாதிரி பெரும்பாலானவங்க திறக்கிறது கரென்ட் பேனல் மூடியை. கூரையிலேர்ந்து பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) வரைக்கும் ஒரு வீட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட். எதெதைப் பார்க்கணும்னு கனடா தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.வோட ஏ770-ன்னு 2016-ல வந்த தேசியத் தரம் ஒண்ணு இருக்கு, படிச்சு வைங்க.

நம்ம ஊர் சிவில் படிப்புல கான்கிரீட், செங்கல். இங்க மரச்சட்டம், ஜிப்சம் போர்டு. அதனால வீட்டோட வயசைக் கேட்டதும் என்ன நோய் இருக்கும்னு சொல்லத் தெரியணும். டொராண்டோ பழைய பகுதியில 1950-க்கு முந்தின வீடுன்னா பீங்கான் குமிழ் வச்சு இழுத்த பழைய வயரிங் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அறுபதுகளின் நடுவிலேர்ந்து எழுபதுகளின் கடைசி வரைக்கும் கட்டினதுன்னா அலுமினிய வயர். 1995-லேர்ந்து 2007 வரைக்கும் கட்டின கான்டோ (அடுக்குமாடி வீடு), டவுன்ஹவுஸ்ல ஆரஞ்சும் நீலமுமா கைடெக்ங்கிற பிளாஸ்டிக் தண்ணிக் குழாய் இருக்கான்னு சிங்குக்கு அடியில குனிஞ்சு பாருங்க. அதோட பித்தளை இணைப்புகள் அரிச்சு ஒரு நாள் வெடிச்சு, கீழ்வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணி போகும்.

கூரைக்கு அடியில இருக்கிற அட்டிக் எனக்குப் பிடிச்ச இடம். வழி பெரும்பாலும் துணி அலமாரிக்கு மேல ஒரு சின்னச் சதுர மூடிதான். தோள் அகலமான ஆள் பாதியிலேயே நின்னு எட்டிப் பார்த்துட்டு இறங்கிடுவார். நான் அஞ்சடி ஒரு அங்குலம், தலையும் கையும் தாராளமா போகும். பாத்ரூம் ஃபேன் குழாயை வெளிய விடாம அட்டிக்குக்குள்ளயே வாயைத் திறந்து விட்டிருப்பாங்க. பிப்ரவரியில டார்ச் அடிச்சா, கூரைப் பலகையிலேர்ந்து துருத்துற ஒவ்வொரு ஆணி நுனியிலும் வெள்ளையா பனி உட்கார்ந்திருக்கும். அது உருகி வடிஞ்ச இடமெல்லாம் பலகை கறுத்திருக்கும். கீழ ஹால்ல புது பெயின்ட் வாசம் அடிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு எச்சரிக்கை: சாம்பல் கலர்ல மினுமினுன்னு கூழாங்கல் மாதிரி வெர்மிகுலைட் (குளிர் தடுக்கப் போடுற பழைய பொருள்) கொட்டிக் கிடந்தா உள்ள போகாதீங்க, அதில ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. மூடிட்டு ரிப்போர்ட்டில எழுதுங்க. மாஸ்க் எப்பவும் பையில இருக்கட்டும். தாடி இருந்தா அந்த மாஸ்க் முகத்தோட ஒட்டாது, நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்ப ஆம்பளைங்க சமாச்சாரம். கதவைத் திறந்ததும் "இன்ஸ்பெக்டர் எப்ப வர்றார்?"னு கேட்பாங்க. "வந்துட்டேன்"னு சொல்லிட்டு ஷூ கவர் மாட்டிக்கிட்டு வேலையைத் தொடங்குறதுதான் என் வழக்கம். அதுக்கு மேல விளக்கம் கொடுத்தா நேரம்தான் வீண். வாங்குறவரோட மச்சான் ஒருத்தர் கூடவே வருவார், "நானும் கட்டுமானத்துலதான்"ம்பார், ஒவ்வொண்ணுக்கும் பரீட்சை வைப்பார். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குற மெஷின்) மேல இருக்கிற தகட்டில சீரியல் நம்பரை வச்சு அது எந்த வருஷத்துதுன்னு சொல்லிக் காட்டுங்க. பரீட்சை அங்கயே முடிஞ்சிடும்.

நமக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வசதியும் இருக்கு. வீட்டுக்குள்ள ரொம்ப நேரம் புழங்கப்போற அம்மா, மாமியார் ஆம்பளை இன்ஸ்பெக்டர்கிட்ட வாயே திறக்க மாட்டாங்க. மால்வர்ன் பக்கம் ஒரு வீடு. பையன் கூரை, ஃபர்னஸ்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அம்மா மெதுவா வந்து, "கீழ ஒரு ஊசல் வாடை அடிக்குதேம்மா"ன்னாங்க. பேஸ்மென்ட் சுவர்ல தரையிலேர்ந்து ரெண்டடி உயரத்துக்கு மட்டும் வெள்ளை கொஞ்சம் பளிச்னு இருந்தது. ஈரமானியை வச்சா முள் மேல போச்சு. ஃபர்னஸ் அறைக்குள்ள பெயின்ட் படாத அதே சுவர்ல உப்புப் பூத்திருந்தது. வெளிய போய்ப் பார்த்தா மழைக்குழாய் சுவரோரத்திலேயே முடியுது, மண்ணும் வீட்டுப் பக்கமாவே சரிஞ்சிருக்கு. அம்மாகிட்ட தமிழ்லயே எல்லாத்தையும் காட்டினேன். ஃபோட்டோவை ரிப்போர்ட்டில போட்டேன். விலையில குறைச்சுக் கேட்டு வாங்கினாங்க.

இனி ரியல்டர், அதாவது வீட்டு புரோக்கர். வாங்குறவருக்கு இன்ஸ்பெக்டரைக் கைகாட்டுறது பெரும்பாலும் அவரோட ரியல்டர்தான். கமிஷன் வர்றது டீல் முடிஞ்சாத்தான். அப்ப கண்டிப்பா எழுதுற இன்ஸ்பெக்டரை எத்தனை தடவை கூப்பிடுவார்? நல்ல ரியல்டர்கள் இருக்காங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா "கொஞ்சம் சாஃப்ட்டா எழுதுங்க சிஸ்டர், பாவம் சின்னக் குடும்பம், வீடு கை நழுவிடும்"னு ஃபோன் வரத்தான் செய்யும். நம்ம ஆளுங்ககிட்டேர்ந்து இன்னும் உரிமையோட வரும். அதே விரிசலை ஒரு ஆம்பளை எழுதினா "கறாரான ஆள்"னு பேர். நாம எழுதினா "பயந்த சுபாவம், வாங்குறவங்களையும் பயமுறுத்திடுது". என்கிட்ட மாசாமாசம் வேலை அனுப்பிக்கிட்டிருந்த ஒருத்தர் ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்கு அப்புறம் நிறுத்திட்டார்.

இதுக்கு நான் கண்ட வழி, பெயரடை எதையும் எழுதாம அளவை எழுதறது. "மோசமான விரிசல்"னு போட்டா அதை வச்சு உங்களை அடிப்பாங்க. "வடக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழ, 4 மில்லிமீட்டர் அகலம், படிக்கட்டு வடிவம்"னு போட்டு, பக்கத்தில அளவுகோல் வச்ச ஃபோட்டோ சேர்த்தா, யாரும் உங்க சுபாவத்தைப் பத்திப் பேச முடியாது. ரிப்போர்ட் காசு கொடுத்தவருக்குத்தான், அவர் சொல்லாம ரியல்டருக்கு அனுப்பாதீங்க. ரிப்பேர் செலவு இவ்வளவு ஆகும்னு வாயால சொல்லாதீங்க. தவறு நேர்ந்தா காப்பாத்துற ஈ அண்ட் ஓ இன்ஷூரன்ஸ் இல்லாம ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்காதீங்க.

பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் நம்ம சனங்க பாதிப் பேர் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கணக்குப் போடுறாங்க. அங்க தனிச் சமையலறை இருக்கிறதால மட்டும் அது சட்டப்படியான யூனிட் ஆயிடாது. தீப்பிடிச்சா வெளியேற வழி இருக்கா, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில தீத்தடுப்பு இருக்கா, புகை அலாரம் இருக்கான்னு பார்த்ததை எழுதுங்க. "லீகல்தானே?"ன்னு கேட்டா நகராட்சியில விசாரிக்கச் சொல்லுங்க. சான்று கொடுக்கிறது நம்ம வேலை இல்லை.

பாதுகாப்பு. பாதி வேலை ஆளில்லாத வீட்டில. காரை டிரைவ்வேயில போடாதீங்க, பின்னாடி இன்னொரு கார் வந்து மறிச்சிடும், தெருவில நிறுத்துங்க. உங்க கணவருக்கு லொக்கேஷன் போய்க்கிட்டே இருக்கட்டும். ரியல்டர் இல்லாத நேரடி விற்பனைன்னா வாங்குறவர் வந்து சேர்ந்த பிறகே உள்ள போங்க. பனிக்காலத்தில கூரை மேல ஏறாதீங்க, யார் என்ன சொன்னாலும் சரி. கீழேர்ந்து பைனாகுலர் இல்லைன்னா ஏணி நுனியிலேர்ந்து பார்த்து, "பனி மூடியிருந்ததால முழுசா பார்க்க முடியலை"ன்னு எழுதினா போதும். வங்கி பிடிச்சு விக்கிற வீடுகள்ல குளிர்காலத்தில தண்ணியை அடைச்சு வச்சிருப்பாங்க, கழிவறை உபயோகிக்க முடியாது. மாதவிடாய் நாள்ல இது பெரிய அவஸ்தை. போற வழியில டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை எங்க இருக்குன்னு பார்த்து வைங்க. இதை எந்தக் கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க.

காசு. ஒரு வீட்டுக்கு 400-லேர்ந்து 600 டாலர்ங்கிறது இங்க சகஜம். வருமானம் 30,000 டாலரைத் தாண்டினா எச்.எஸ்.டி. (விற்பனை வரி) பதிவு பண்ணணும். ஆனா இந்த வருமானம் வீட்டு மார்க்கெட்டோட ஏறி இறங்கும். 2021-ல ஆளாளுக்குப் போட்டி போட்டு, இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. அப்ப நாங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் சம்பளம் இருக்கும்போதே பகுதி நேரமா தொடங்குங்க. சாயங்காலமும் வார இறுதியும் கூட வேலை வரும், பையனை யார் பார்த்துக்கிறதுன்னு முதல்லயே பேசி முடிங்க.

இன்னொரு பதில்

நான் இஞ்ச எலக்ட்ரீஷியன், சொந்த இடம் பருத்தித்துறை. அக்கா சொன்ன அலுமினிய வயர் விசயத்தில ஒண்டு சேர்க்கிறன், தங்கச்சி. அலுமினியம் எண்டாலே வீட்டை விட்டிட்டு ஓடத் தேவையில்லை. இணைப்பிலதான் பிரச்சினை. அதுக்கு ஏத்த சுவிட்சும் ப்ளக்கும் போட்டு, எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதோரிட்டியின்ர இன்ஸ்பெக்‌ஷன் பேப்பர் இருந்தா இன்ஷூரன்ஸ்காரரும் பெரும்பாலும் பேசாமல் எடுப்பினம். அந்தப் பேப்பர் இருக்கோ எண்டு கேளுங்கோ. பேனல் மூடியைக் கழட்டிறதெண்டா எப்பிடிக் கழட்டிறதெண்டு ஆரிட்டையாவது நேரில பழகிப்போட்டுச் செய்யுங்கோ. வீடியோ பாத்திட்டுச் செய்யாதையுங்கோ.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கோர்ஸ் ஓகே. ஆனா பட்டத்துக்கு அனுபவம் வேணும்னு சொல்றீங்களே, கூடப் போய்ப் பழக யார் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க? ரெண்டு பேருக்கு ஃபோன் பண்ணேன், "எங்களுக்கு ஆள் வேண்டாம்"னுட்டாங்க.

பதில்

பெண்கள் பாதிப் பேர் நின்னுபோறது இந்த இடத்திலதான். தனியாளா தொழில் நடத்துறவர் நாளைக்குப் போட்டியாளரை வளர்க்க மாட்டார், அதில ஆண் பெண் இல்லை. பல இன்ஸ்பெக்டர்களை வச்சிருக்கிற கம்பெனிகளைக் கேளுங்க. சங்கத்தோட கூட்டங்களுக்கு நேர்ல போங்க, ஃபோன்ல "வேண்டாம்"னவங்க காபி நேரத்தில "சரி வா"ம்பாங்க.

இன்னொரு வாசல் புது வீடுகள். பில்டர்கிட்டேர்ந்து சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சுற்றுப் பார்வை உண்டு. அப்புறம் ஒன்டாரியோ புது வீடுகளுக்கான டேரியன் வாரன்ட்டி, முதல் வருஷம், ரெண்டாம் வருஷம், பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருஷம்னு படிப்படியா ஓடும். முதல் வருஷம் முடியறதுக்குள்ள குறைகளை எழுதிக் கொடுக்க மிஸ் பண்றவங்க நிறைய. ஏஜாக்ஸ், பிக்கரிங், ஆஷவா பக்கம் புது வீடு வாங்கின நம்மவங்களுக்கு அந்தப் பட்டியல் போட்டுக் கொடுங்க. சைட் இன்ஜினியரா பஞ்ச் லிஸ்ட் (முடிக்காத, குறையுள்ள வேலைகளோட பட்டியல்) எழுதினவங்களுக்கு இது பழகின வேலை. ரியல்டர் தயவும் தேவையில்லை, ஏன்னா டீல் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

என்கூட வர்றதுன்னா வீட்டை விக்கிறவரும் வாங்குறவரும் சம்மதிக்கிற நாள்ல வரலாம், தனிச்செய்தியில நம்பர் கொடுங்க. முதல்ல பூட்ஸ் வாங்குங்க. பச்சை முக்கோணம் போட்ட சி.எஸ்.ஏ. பூட்ஸ், பெண்கள் அளவிலேயே கிடைக்குது. ஆம்பளை சைஸ்ல சின்னதை எடுத்து ரெண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்காதீங்க, ஏணிப்படியில கால் வழுக்கும்.