சுவருக்குள் கட்டை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவசரம்

நிலாஅம்மா:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்று மாலை என் மகள் துணி அலமாரியின் கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் ஏறிவிட்டாள். அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. என் கணவர் பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடித்துவிட்டார். என் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. சுவரோடு சேர்த்துக் கட்டும் வார் வாங்கி வந்தோம். ஸ்டட்டில்தான் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் கட்டை) ஸ்க்ரூ போட வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஒரு இடத்தில் டிரில் போட்டோம், அரை அங்குலம் போனதும் உள்ளே வெறும் பொந்து. கட்டையைக் காட்டும் ஸ்டட் ஃபைண்டர் மிஷின் வைத்த இடமெல்லாம் கத்துகிறது. மதுரை வீட்டில் எந்தச் சுவரிலும் துளை போட்டு பிளக் அடித்தால் வேலை முடிந்தது. இங்கே சுவரையே நம்ப முடியவில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

லண்டன்_செல்வம்:
குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிய விஷயம். சகோதரி, முதலில் இந்த மாதிரி உயரமான அலமாரியே வேண்டாம். நாங்கள் வந்த புதிதில் ஒரே அறை, சுவரெல்லாம் ஈரம், துணியைப் பெட்டியிலேயே வைத்துக் காலம் தள்ளினோம். கட்ட வேண்டும் என்றால் கட்டைகள் 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். வெளிச்சுவராக இருந்தால் கட்டையே இருக்காது. செங்கல் மேல் பசை வைத்துப் பலகையை ஒட்டியிருப்பார்கள். அதற்கு நீளமான ஃபிக்ஸிங் போட்டுச் செங்கல்லைப் பிடிக்க வேண்டும்.

மெல்போர்ன்வாசி:
400 இல்லை, 450. எங்கள் வீட்டில் அளந்தே பார்த்திருக்கிறேன். சில சுவர்களில் 600. ஸ்டட் ஃபைண்டருக்குச் செலவழிக்காதீர்கள், விரல் முட்டியால் தட்டினாலே போதும். கட்டை இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும்.

மிசிசாகா_ரவி:
தட்டிக் கண்டுபிடிப்பதெல்லாம் பழகியவர்களுக்கு. எங்கள் காண்டோவில் (அடுக்குமாடி வீடு) மரமே கிடையாது, மெல்லிய தகர ஸ்டட். சில சுவர்கள் முழு கான்கிரீட். அதில் அனுமதி இல்லாமல் டிரில் போடவே கூடாது, உள்ளே இழுத்துக் கட்டிய இரும்பு வடம் ஓடும் கட்டடங்கள் உண்டு. நான் டாகிள் போல்ட் (சுவர்ப் பலகைக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் போல்ட்) போட்டு ஷெல்ஃப் மாட்டினேன், இன்றுவரை அசையவில்லை. ஸ்டட் தேடி நேரத்தை வீணாக்காமல் அதையே போடுங்கள்.

கீதா_ராம்:
வாடகை வீடா? துளை போடும் முன் ஓனரிடம் கேட்டீர்களா? நாங்கள் முதலில் இருந்த வீட்டில் காலண்டர் மாட்டிய ஆணித் துளைக்குக்கூட டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். வேலை கிடைக்காத நேரம் வேறு. அந்தப் பணம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியாது.

மிசிசாகா_ரவி:
கீதா அக்கா, நீங்கள் எந்த ஊர்? இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் சேதத்துக்கென்று டெபாசிட் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. கடைசி மாத வாடகையும், திருப்பித் தர வேண்டிய சாவிப் பணமும் மட்டும்தான். பெரிய சேதம் செய்தால் சரிசெய்யும் பொறுப்பு நம்முடையது, அது வேறு.

கீதா_ராம்:
அப்போது இதை யார் சொன்னார்கள் தம்பி? நாங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரியில் இருந்தோம், அங்கே வாங்குவார்கள். உள்ளூர் அனுபவம் இல்லை என்று வேலையும் தரமாட்டார்கள், வேலை இல்லை என்று வீடும் தரமாட்டார்கள். பேஸ்மென்ட்டில் கைக்குழந்தையோடு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தோம். வெயில் படாத வீட்டில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

லண்டன்_செல்வம்:
இங்கேயும் அதே கதைதான். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, சுவரில் பூஞ்சை என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார்கள்.

ஸ்காபரோ_அண்ணை:
வாடகைக் கதையைப் பிறகு பேசுவம். இந்தப் பிள்ளை பயந்துபோய் இருக்கிறா. நான் ரொறன்ரோவில் வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கும் வேலை செய்கிறவன். தங்கச்சி, நாலு விஷயம் சொல்லுங்கோ. எந்த நாடு, எந்த ஊர்? வீடு எந்தக் காலத்தில் கட்டினது? அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? அலமாரி புதிதா, பழையதா? அதுவரைக்கும் அலமாரியை நிமிர்த்த வேண்டாம்.

நிலாஅம்மா:
மன்னிக்கவும் அண்ணா, பதற்றத்தில் எழுதவில்லை. கனடா, பிராம்ப்டன். வாடகை டவுன்ஹவுஸ், மாடி. 2006-இல் கட்டியது என்று ஓனர் சொன்னார். மறுபக்கம் பாத்ரூம். அலமாரி ஒருவரிடம் பழையதாக வாங்கியது, அதோடு வார் எதுவும் தரவில்லை. படுக்கத்தான் போட்டிருக்கிறோம்.

ஸ்காபரோ_அண்ணை:
இப்ப விளங்குது. மறுபக்கம் பாத்ரூம் என்றதுதான் முக்கியம். அந்தச் சுவருக்குள் தண்ணிக் குழாய் போகும். முடிந்தால் அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுங்கோ, பாத்ரூம் பக்கம் இல்லாத உள்சுவர் ஏதாவது.

உங்கள் வீட்டுச் சுவர் மரச்சட்டம் அடித்து அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை) போட்டதாக இருக்கும். 2x4 என்று சொல்கிற கட்டையின் உண்மை அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலப் பக்கம்தான் உங்களைப் பார்த்து நிற்கும், அதன் நடுவில் ஸ்க்ரூ இறங்க வேண்டும். ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு இங்கே பெரும்பாலும் 16 அங்குலம், சில இடத்தில் 24. லண்டன்காரரும் மெல்போர்ன்காரரும் சொன்னது அவர்கள் ஊர் வீட்டுக்குச் சரி.

அந்த ஸ்டட் ஃபைண்டர் மிஷினை ஒருபக்கம் வைத்துவிடுங்கோ, ஒரு நல்ல காந்தம் எடுங்கோ. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சிறியது ஆனாலும் பலமானதாக இருக்க வேண்டும். சுவரில் மெதுவாக நகர்த்தினால் டிரைவாலைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவில் போய் ஒட்டும். அந்த இடத்துக்கு நேர் மேலும் நேர் கீழும் தேடுங்கோ. ஒரே செங்குத்துக் கோட்டில் மூன்று நாலு இடத்தில் ஒட்டினால் அதுதான் கட்டை. ஒரே இடத்தில் மட்டும் ஒட்டினால் நம்பாதீங்கோ.

அதைச் சரிபார்க்க பிளக் பாயிண்ட் உதவும். அதற்குப் பின்னால் சுவருக்குள் இருக்கிற பெட்டியைப் பெரும்பாலும் ஒரு கட்டையின் பக்கவாட்டில்தான் அடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் தட்டினால் எந்தப் பக்கம் கெட்டி என்று தெரியும். உள்ளிருக்கிற பெட்டியின் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளினால் கட்டையின் நடு. அங்கிருந்து 16, 32, 48 என்று டேப் வைத்துப் பாருங்கோ. காந்தம் சொன்ன கோடும் டேப் சொன்ன கோடும் ஒன்றாக வர வேண்டும். ஜன்னல், கதவு ஓரத்தில் இரண்டு மூன்று கட்டை சேர்த்து அடித்திருப்போம், அங்கே இந்தக் கணக்கு வராது.

பிறகு அந்த அறைக்கு பிரேக்கரை அணைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் மறைகிற இடத்தில் 1/8 அங்குல பிட் வைத்து ஒரு சின்னத் துளை போடுங்கோ. வெள்ளைத் தூள் மட்டும் வந்து சட்டென்று உள்ளே இழுத்தால் கட்டை இல்லை. வெள்ளைக்குப் பிறகு மஞ்சள் மரத்தூள் வந்து, கடைசிவரைக்கும் இறுக்கமாகவே போனால் கட்டை. இரும்பு மாதிரித் தடுத்தால் உடனே நிறுத்துங்கோ. குழாய்க்கும் வயருக்கும் காவலாக நாங்கள் அடிக்கிற தகடு அது. பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் எங்கேயும் துளை வேண்டாம், வயர் அந்தத் திசைகளில்தான் ஓடும்.

2 அங்குல ஸ்க்ரூ போதும். அரை அங்குலம் டிரைவாலுக்குப் போனாலும் மிச்சம் மரத்தைப் பிடிக்கும். பலமாக இருக்கட்டும் என்று 3 அங்குலம் போட வேண்டாம்.

மிசிசாகா_ரவி:
அண்ணை, டாகிள் போல்ட்டும் நல்ல பாரம் தாங்குமே?

ஸ்காபரோ_அண்ணை:
ஷெல்ஃபில் பாரம் கீழ்நோக்கி இறங்கும், அசையாமல் நிற்கும். அலமாரி சாயும்போது ஸ்க்ரூவைச் சட்டென்று வெளியே இழுக்கும். டிரைவால் உள்ளே ஜிப்சம், வெளியே காகிதம். குழந்தை விஷயத்தில் நான் மரத்தைத் தவிர எதையும் நம்பமாட்டேன்.

இன்னொன்று தங்கச்சி. வாரின் மறுமுனையை அலமாரியின் பின்பக்க மெல்லிய அட்டையில் அடிக்க வேண்டாம், அது பிய்ந்துவிடும். மேல்பலகையிலோ கெட்டியான குறுக்குச்சட்டத்திலோ அடியுங்கோ. இரண்டு வார், இரண்டு வேறு கட்டையில்.

கீதா_ராம்:
பழையதாக வாங்கியது என்றால் அதன் மாடல் பெயரைக் கனடா அரசின் ரீகால் பட்டியலில் தேடிப் பாருங்கள் தங்கை. 2016-இல் ஐகியா தன் டிராயர் அலமாரிகளை இங்கேயும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்றது, குழந்தைகள்மேல் சாய்ந்து இறந்திருக்கிறார்கள். அவை இன்னும் கைமாறிக் கைமாறி வருகின்றன. ஓனருக்கும் இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். குழந்தைப் பாதுகாப்புக்காக வார் கட்டுகிறோம், போகும்போது துளைகளை அடைத்துத் தருகிறோம் என்று எழுதினால் போதும்.

நிலாஅம்மா:
அண்ணா, ஹால் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டோம். காந்தம் ஒரே கோட்டில் நாலு இடத்தில் ஒட்டியது, பிளக்கிலிருந்து அளந்தாலும் 32 அங்குலத்தில் அதே கோடு. மரத்தூள் வந்தது. அடுத்த கட்டையிலும் போட்டாகிவிட்டது. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முதலில் போட்ட துளையை என்ன செய்வது?

ஸ்காபரோ_அண்ணை:
ஸ்பேக்கிள் என்ற, சுவர்த் துளை அடைக்கிற பசை சின்ன டப்பா வாங்கி, அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து பெயிண்ட் தொட்டால் சரி. டிவி மேசைமேல் நிற்குதா? அதற்கும் ஒரு வார் வாங்கிக் கட்டுங்கோ. கீழ் டிராயர்களுக்குப் பிள்ளை திறக்க முடியாத பூட்டும் கிடைக்கும்.