எடிஸ்டோன் லைட்ஹவுஸ் கார்டு: பக்கத்துல நிக்கிற மொட்டைத் தூண் என்ன, கார்டு எந்தக் காலத்தது?

அலையோரம்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய போஸ்ட்கார்டு கட்டு ஒண்ணு கைக்கு வந்துச்சு, அதுல இந்த ஒரு கார்டை மட்டும் நாலு நாளா எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருக்கேன். ராத்திரி நேரம், நிலா வெளிச்சம், நடுக்கடல்ல பாறை மேல உயரமா ஒரு லைட்ஹவுஸ், அதுக்குப் பக்கத்துலயே தலை போன மாதிரி குட்டையா இன்னொரு தூண். கீழ எடிஸ்டோன்னு போட்டிருக்கு. ஸ்டாம்ப் ஒட்டல, முத்திரை இல்ல, யாரும் ஒரு வரி கூட எழுதல. பின்பக்கம் நடுவுல கோடு போட்டு இடது பக்கம் சேதிக்கு, வலது பக்கம் விலாசத்துக்குன்னு பிரிச்சிருக்கு, ஸ்டாம்ப் கட்டத்துக்குள்ள பொடி எழுத்துல அரை பென்னின்னு இருக்கு. அந்த மொட்டைத் தூண் புயல்ல உடைஞ்சதா? வருஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தபால்பெட்டி:
புயல்ல உடையல நண்பரே, மனுஷங்களே கழட்டினது. இங்கிலாந்து இன்ஜினியர் ஜான் ஸ்மீட்டன் 1759ல கட்டி முடிச்ச டவரோட அடிப்பாகம் அது. அந்த இடத்துல அதுக்கு முன்னாடி ரெண்டு டவர் இருந்துச்சு, முதலாவது 1703 புயல்ல அதைக் கட்டின வின்ஸ்டன்லியையும் சேர்த்து அடிச்சிட்டுப் போயிடுச்சு, ரெண்டாவது 1755ல தீப்பிடிச்சு எரிஞ்சுது. அதனாலதான் ஸ்மீட்டன் கருங்கல்லை ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டு மாதிரி கோத்து, தண்ணிக்குள்ளயும் இறுகுற சுண்ணாம்பு எதுன்னு சோதிச்சுப் பாத்து கட்டினார். நூறு வருஷத்துக்கு மேல டவருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அது நின்ன பாறையை அடியில அலை அரிச்சிருச்சு, பெரிய அலை அடிச்சா டவரே ஆட ஆரம்பிச்சுது. அப்புறம் டக்ளஸ்ங்கிற இன்ஜினியர் பக்கத்துப் பாறையில புதுசு கட்டி 1882ல விளக்கேத்தினாங்க, பழசோட மேல்பாகத்தை கல்லு கல்லா இறக்கி இங்கிலாந்தோட பிளைமவுத் ஊர்க் கரையில திரும்பவும் கட்டி நிறுத்தினாங்க. அடிப்பாகம் மட்டும் கடல்லயே இருக்கு. எனக்கு எடிஸ்டோன் கார்டுல பெரிய டவரை விட அந்த மொட்டைத் தூண்தான் பிடிக்கும்.

வருஷத்துக்கு பின்பக்கமே போதும். பிரிட்டன்ல 1902க்கு முன்னாடி அந்தப் பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான், சேதியை படத்தோட ஓரத்துலதான் நெருக்கி எழுதணும். கார்டு அனுப்புற அரை பென்னி கட்டணம் 1918 ஜூன்ல ஒரு பென்னி ஆயிடுச்சு. ஆக உங்க கார்டு அச்சானது இந்த ரெண்டுக்கும் நடுவுல.

நீலவானம்:
மேல சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேர்த்துக்கணும். அது கார்டோட வயசு, போட்டோவோட வயசு இல்ல. ஒரே நெகட்டிவை வச்சு பல வருஷம் கார்டு போட்டுட்டே இருப்பாங்க, அதனால படம் 1882க்கு அப்புறம்னுதான் உறுதியா சொல்லலாம். டவர் உச்சியில ஹெலிகாப்டர் தளம் தெரிஞ்சா அது 1980க்கு அப்புறம் எடுத்த படம், உங்களுதுல அது இருக்க வாய்ப்பே இல்ல. இதே மாதிரி அமெரிக்காவோட கேப் ஹட்டெராஸ் லைட்ஹவுஸ் கார்டுல கடல் டவரை ஒட்டி இருந்தா அது 1999க்கு முன்னாடி எடுத்தது, ஏன்னா அந்த வருஷம் முழு டவரையும் அப்படியே கரையிலிருந்து சுமார் 2,900 அடி உள்ள தள்ளி நகர்த்திட்டாங்க.

அப்புறம் அந்த நிலா. ஒரு லென்ஸ் வச்சு பாருங்க, பகல்ல எடுத்த கறுப்பு வெள்ளை படத்துக்கு நீலம் பூசி நிலாவை வரைஞ்சு சேர்த்திருப்பாங்க, அப்போ இது சர்வ சாதாரணம். கலர் பூசினவங்கள்ல பல பேர் அந்த இடத்தைப் பாத்ததே இல்ல. அதனால டவர்ல தெரியிற பட்டை நிறத்தை வச்சு மட்டும் எதையும் முடிவு பண்ணிடாதீங்க.

அலையோரம்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இப்பதான் லென்ஸ் வச்சு பாத்தேன். படம் முழுக்க பொடிப் பொடிப் புள்ளி, நிலா மட்டும் புள்ளியே இல்லாம வெள்ளையா வட்டமா இருக்கு. அதுவும் நிலா டவருக்குப் பின்னால நிக்குது, ஆனா டவரோட முன்பக்கம் நல்ல வெயில் பட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கு, நிழல் பின்னாடி விழுது! இத்தனை நாள் பாத்தும் இது கண்ணுல படல. மொட்டைத் தூணோட கதை தெரிஞ்சப்புறம் கார்டு மேல இன்னும் ஆசை கூடிடுச்சு. ஓரம் லேசா பிரியுது, லேமினேட் பண்ணிடலாமா?

தபால்பெட்டி:
வேண்டவே வேண்டாம், லேமினேட் பண்ணினா திரும்ப எடுக்கவே முடியாது, சூடும் பசையும் சேர்ந்து கார்டைக் கெடுத்துடும். டேப்பும் ஒட்டாதீங்க, கொஞ்ச வருஷத்துல பழுப்பாயி கறை பிடிச்சிடும். அமிலம் இல்லாத பாலியெஸ்டர் கவர்ல போட்டு வெளிச்சம் படாத இடத்துல படுக்க வச்சிருங்க, பிவிசி கவர் மட்டும் கூடாது. பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து இங்க போடுங்க, ஓரத்துல பதிப்பாளர் பேரோ நம்பரோ பொடியா இருந்தா வருஷத்தை இன்னும் நெருக்கிடலாம்.