பழைய ஜீப்புக்கு முன் சக்கர ஹப் தேடுகிறேன்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். களக்காட்டில் எங்கள் வாழைத் தோட்டத்தில் ஓடும் பழைய மகிந்திரா சிஜே3பி ஜீப்புக்கு இடது முன் சக்கர ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அவசரமாக வேண்டும்.

சக்கரம் ஆட்டம் காண்கிறதே என்று கழற்றிப் பார்த்தோம். பேரிங் தேய்ந்தது பெரிய விஷயமில்லை. 18590 கோன் (உள் வளையம்), 18520 கப் (வெளி வளையம்) என்று எண்ணைச் சொல்லி பேரிங் கடையில் கேட்டுக்கொள்ளலாம். சிக்கல் ஹப்பில்தான். ஹப்புக்குள் இறுகி உட்கார வேண்டிய கப், விரலால் தள்ளினாலே சுழல்கிறது. உட்சுவர் கண்ணாடியாகத் தேய்ந்து, கிரீஸ் கறுத்துக் கரிந்த வாடை அடிக்கிறது.

உட்சுவரில் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்கித் தருகிறேன் என்றார் லேத் பட்டறைக்காரர். எனக்குச் சம்மதமில்லை. வாழைத்தார் ஏற்றும் வண்டி, வீட்டுப் பிள்ளைகளும் ஏறுவார்கள். ஹப்பைக் கடைந்து உள்ளே ஸ்லீவ் (உலோக வளையம்) போட்டு ஓட்டியவர்கள் இருந்தால், அது எவ்வளவு காலம் தாங்கியது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை, தென்காசி, நாகர்கோவில் வட்டாரத்தில் பழைய ஜீப்பைப் பிரித்து விற்பவர்கள் யாராவது உண்டா? சக்கர நட் ஏறும் இடப்பக்க ஸ்டட்டுகள் இதில் எதிர் மரை, வலமாகத் திருப்பினால்தான் நட் கழலும். அதனால் ஸ்டட்டோடு சேர்ந்த ஹப் கிடைத்தால் நல்லது.

மாட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே பேரிங் நட்டை இறுக்கி, பிடித்ததும் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்க வேண்டும். இதில் கை பழகிய மெக்கானிக் அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கம் இருந்தாலும் தெரிவியுங்கள். அப்பா ஓட்டிய வண்டி, பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.