ஊர் கிரைண்டரை இங்கிலாந்து சாக்கெட்டில் செருக: பிளக்கை வெட்டலாமா, அடாப்டர் போதுமா?

கோவைக்காரி:
கோயம்புத்தூர்ல இருந்து இங்கிலாந்துல ரெடிங் வந்து வீடு புடிச்சாச்சுங்க. சாமானெல்லாம் இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு. அதுல 750 வாட் மிக்சி ஒண்ணு, 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் ஒண்ணு. ரெண்டுக்கும் நம்மூரு உருண்டைக் கால் மூணு பின். இங்க சாக்கெட்டுல எல்லாம் செவ்வக ஓட்டை. ஏர்போர்ட்ல வாங்கின யுனிவர்சல் அடாப்டர் இருக்கே, அதுல செருகுங்கறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு அக்கா பிளக்கையே வெட்டிட்டு வேற போடச் சொல்றாங்க. கரண்ட் ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அது வரைக்கும் விசாரிச்சுட்டேன். எதுங்க சரி?

ஓஎம்ஆர் ராஜா:
வெட்டாதீங்க மேடம். வோல்டேஜ் ஒண்ணுன்னா மிச்சம் இருக்கறது கால் வடிவம்தான், அதுக்குத்தான் அடாப்டர் விக்கறான். ஒயரை வெட்டினா வாரண்டி போச்சு. ஊருக்குத் திரும்பும்போது மறுபடி வெட்டணும். வாடகை வீட்ல ஏதாவது ஆச்சுன்னா, இந்த பிளக்கை யார் போட்டதுன்னு ஹவுஸ் ஓனர் உங்களைத்தான் பிடிப்பார்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
முப்பது வருசத்துக்கு மேல இஞ்ச வயரிங் வேலை செய்தனான், அதால சொல்லுறன் தங்கச்சி. இந்த நாட்டு வீடுகளில கனக்க சொக்கெற் எல்லாம் வளையமா ஓடுற ஒரே வயரில இருக்கும். அதுக்கு 32 ஆம்பியர் பிரேக்கர். உங்கட மிக்சி வயர் ஒரு 6 ஆம்பியர் தாங்கும். இரண்டுக்கும் நடுவில காவல் வேணும் எண்டுதான் 1947இல வந்த பிஎஸ் 1363 எண்ட பிரிட்டிஷ் தரப்படி செய்யிற பிளக்குக்குள்ளயே பியூஸ் வச்சவங்கள். பியூஸ் இல்லாத அடாப்டரைச் செருகினா அந்தக் காவல் போச்சு.

அதைவிட மோசம் ஏர்த். அந்த யுனிவர்சல் அடாப்டரை எடுத்து ஏர்த்துக்கான மேல் காலைத் தொட்டுப் பாருங்கோ. கனக்க அடாப்டரில அது வெறும் பிளாஸ்டிக். சொக்கெற்றுக்குள்ள இருக்கிற மூடியைத் திறக்க மட்டும்தான் உதவும். கிரைண்டர் உடம்பு தகரம், பக்கத்தில தண்ணி, கையெல்லாம் மா. ஏர்த் இல்லாம ஓட்டப் போறீங்களோ?

பர்மிங்ஹாம் பாண்டி:
அடாப்டரே எதுக்கு? மேல் ஓட்டைல பேனாவை விட்டு அமுக்குங்க, கீழ ரெண்டும் திறந்துக்கும். நம்மூரு ரெண்டு பின் சார்ஜர் ஜம்முனு உள்ள போகும். எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் இப்படித்தான்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
தம்பி, ஏர்த் காலை மற்ற ரெண்டையும் விட நீளமா வச்சதே, அது முதல் உள்ள போய் மூடியைத் திறக்கத்தான். சின்னப் பிள்ளையள் கம்பி விடக் கூடாதெண்டு போட்ட பூட்டை நீர் பேனாவால உடைக்கிறீர். பியூசும் இல்லை, கால் இறுக்கமும் இல்லை. சார்ஜர் இஞ்ச மலிவு, ஒண்டு வாங்கும்.

ஓஎம்ஆர் ராஜா:
பேனா கேஸை விடுங்க, அதை நானும் ஆதரிக்கல. ஆனா மாமா பயமுறுத்தறார். ஒயர் ஷார்ட் ஆனா 32 ஆம்பியர் பிரேக்கரும் விழத்தானே செய்யும்? மிக்சிக்கு அடியில சிவப்பா ஓவர்லோட் பட்டன் வேற இருக்கு. இன்னொண்ணு, நீங்க மாத்தச் சொல்ற பிளக் கடையில 13 ஆம்பியர் ஃபியூஸோடதான் வருது. 6 ஆம்பியர் ஒயருக்கு 13 ஆம்பியர் காவலா?

ஈஸ்ட்ஹாம் மாமா:
இது கேக்க வேண்டிய கேள்வி. நேர் ஷோர்ட்டுக்கு பிரேக்கர் விழும், ஓம். வயர் நசுங்கி உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இழுத்துச் சுடுதெண்டா விழாது. அந்தச் சிவப்பு பட்டன் மோட்டரைக் காப்பாத்தும், அதுக்கு முன்னால கிடக்கிற வயரை இல்லை. 13ஐக் கழட்டிப்போட்டு வேற போடவேணும், பலபேர் செய்யிறேல்லை. மிக்சியின்ர 750 வாட்டை 230 வோல்ட்டால பிரியுங்கோ, 3.3 ஆம்பியர் வரும். சிவப்பு நிற 3 ஆம்பியர் காணாது, 5 போடுங்கோ. கிரைண்டருக்கு 3 தாராளம்.

வெட்டிறது ஏதோ பாவம் மாதிரிக் கதைக்கிறார் ராஜா. 1994 சட்டம் வர முந்தி இந்த நாட்டில கேத்தில், அயர்ன் எல்லாம் கனக்க பிளக் இல்லாமலே விப்பாங்கள். ஸ்குரூ டிரைவர் இல்லாத வீடு இல்லை. உங்கட உருண்டைக் கால் பிளக்கும் இஞ்ச பிறந்ததுதான், நாடக மேடை லைற்றுகளுக்கு 15 ஆம்பியர் இப்பவும் அதுதான்.

ஓஎம்ஆர் ராஜா:
சரி, ஃபியூஸும் நிஜ எர்த்தும் இருக்கற அடாப்டர் வாங்கினா? ஒயரைத் தொடாமலே நீங்க சொன்ன ரெண்டும் கிடைச்சுடுது. எல்லாரும் உங்களை மாதிரி எலக்ட்ரீசியன் இல்ல. கரண்ட் வர்ற லைவ் ஒயரையும் எர்த்தையும் மாத்தி மாட்டினா அடாப்டரை விட அதுதான் ஆளைக் கொல்லும்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
அப்பிடி அடாப்டர் எண்டா மிக்சிக்கு நான் மறுப்புச் சொல்லேல்லை. ஆனா நாளாந்தம் மணிக்கணக்கா ஓடுற கிரைண்டரை அதில தொங்கவிட்டா, கால் தளர்ந்து சூடாகும்.

மாட்டுறது இப்பிடித்தான். மூடியைக் கழட்டினா பியூஸ் பக்கம் வலது, மண்ணிற லைவ் வயர் அங்க. நீல நியூட்ரல் இடது, பச்சை மஞ்சள் ஏர்த் மேல. பழைய இந்திய வயர் எண்டா சிவப்பு வலது, கறுப்பு இடது, பச்சை மேல. ஏர்த் வயரை மற்றதுகளை விடக் கொஞ்சம் நீட்டி விடுங்கோ, ஆரும் இழுத்தா அது கடைசியாத்தான் கழரும். கீழ இருக்கிற பட்டி வயரின்ர வெளித்தோலைக் கடிக்கவேணும், உள் வயரை இல்லை.

கோவைக்காரி:
அடாப்டரைத் தொட்டுப் பாத்தேனுங்க, மேல் கால் பிளாஸ்டிக்கேதான். வாரண்டி எப்படியும் ஊர்லதான் செல்லும், அதுக்காக இங்க பயந்து என்ன பண்ண? கிரைண்டருக்கு பிளக் மாத்தப் போறேன். மிக்சிக்கு ராஜா சார் சொன்ன மாதிரி ஃபியூஸ், எர்த் உள்ள அடாப்டர். பக்கத்து வீட்டு அக்காவை வச்சுக்கிட்டுத்தான் மாட்டுவேன்.

ஓஎம்ஆர் ராஜா:
கிரைண்டரை ஊருக்கு அனுப்பற அன்னைக்கு என்னை நினைச்சுக்குவீங்க.

ஈஸ்ட்ஹாம் மாமா:
ஊரில பிளக் விக்கிறேல்லையோ? தங்கச்சி, ஒண்டு மறந்துபோனன். வெட்டின பழைய பிளக்கை வயர் நுனியோட மேசையில விடாதேயுங்கோ. ஆராவது பிள்ளை அதை மிக்சி அடாப்டரில செருகினா வெட்டின நுனியில கறண்ட் நிக்கும். காலை வளைச்சுக் குப்பையில போடுங்கோ.