ஸ்பெஷல்ஸ் முதல் ஆல்பம்: வரிகளோடு திரும்பக் கேட்டபோது

ஜமைக்காவின் ஸ்கா தாளமும் பங்க் ராக்கின் வேகமும் கலந்த ஸ்கா-பங்க் இசை என்றால் பலரும் அமெரிக்கக் குழுக்களில் ஆரம்பிப்பார்கள், எனக்கு அது 1979-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தொடங்குகிறது, தி ஸ்பெஷல்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில். காலேஜ் நாளில் கேட்டபோது வரிகளை யார் கவனித்தார்கள், வெட்டி வெட்டி வரும் அந்த கிடாரும் ஆட்டம் போட வைக்கும் தாளமும் போதுமாக இருந்தது. இப்போது வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன்.

முதல் பாட்டு 'எ மெசேஜ் டு யூ, ரூடி', ஜமைக்காவில் பிறந்த டேண்டி லிவிங்ஸ்டன் 1967-ல் பாடியது. அதில் வரும் டிராம்போன் ரிக்கோ ரோட்ரிகஸுடையது. அந்த 1967 பதிவிலும் வாசித்தவர் அவரேதான்! ஜமைக்கா இசையை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், அதை வாசித்தவரையே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்கள் மேல் மரியாதை கூடியது.

என்னை உலுக்கியது 'டஸன்ட் மேக் இட் ஆல்ரைட்', இனவெறிக்கு எதிரான பாட்டு. தாட்சர் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த வருஷம் அது. ஏழு பேர் குழுவில் இரண்டு பேர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர்கள், ஆனால் இவர்கள் கச்சேரிக்கே நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியின் ஆதரவாளர்கள் வந்து கலாட்டா செய்வார்கள். அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே பாட வேண்டிய பாட்டில் பாடகர் டெர்ரி ஹால் கத்தவே இல்லை, அலுத்துப்போன மனுஷன் மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கோஷம் போட்டிருந்தால் இந்நேரம் பழசாகியிருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த வருஷமே கிடார் வாசித்த லின்வல் கோல்டிங்கை இனவெறியர்கள் தாக்கினார்கள், அவர் அதையும் 'ஒய்?' என்று பாட்டாக்கினார்.

சரி, கசப்பான பக்கத்துக்கு வருவோம். இனவெறி என்றால் இவ்வளவு தெளிவாக நிற்கிறவர்கள், பெண்கள் பக்கம் திரும்பியதும் அதே நாக்கால் ஏசுகிறார்கள். 'நைட் கிளப்'பில் அங்கே வரும் பெண்களுக்கெல்லாம் ஒரே வசைச்சொல். 'டூ மச் டூ யங்' சின்ன வயசில் பிள்ளை பெற்றவளைக் குத்திக் காட்டுகிறது, அந்தப் பிள்ளைக்கு அப்பன் என்று ஒருத்தன் இருப்பானே, அவனைப் பற்றி மூச்சே இல்லை. அதன் மேடைப் பதிவு 1980-ல் பிரிட்டிஷ் பாடல் வரிசையில் முதலிடம் வேறு பிடித்தது. இளவயசுக் கோபம், அந்தக் காலம் அப்படி என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்தான், எனக்கு அது இறங்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், தாளம் அவ்வளவு அருமை, கால் தானாக ஆடுகிறது.

அப்புறம் 2017-ல் பர்மிங்ஹாமில் ஒரு வலதுசாரி ஊர்வலம். மிரட்டிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பெண் நின்ற புகைப்படம் ஞாபகம் இருக்கும். சஃபியா கான். அன்றைக்கு அவர் போட்டிருந்தது ஸ்பெஷல்ஸ் டி-ஷர்ட். 2019-ல் வந்த 'என்கோர்' ஆல்பத்தில் குழு அவரையே பேச வைத்தது, ஜமைக்காப் பாடகர் பிரின்ஸ் பஸ்டர் பெண்களுக்குக் கட்டளை போட்ட பழைய ஸ்கா பாட்டுக்குப் பதிலடியாக. முதல் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் இதையும் கையோடு கேளுங்கள். முதல் ஆல்பத்தில் ஒரு பெண்ணை ஏசும் இன்னொரு பாட்டான 'லிட்டில் பிட்ச்' வந்தால் மட்டும் நான் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறேன், நீங்கள் என்ன செய்கிறீர்கள்?