டைனமோவும் செவ்வரத்தம்பூவும்: வன்னியில் நாங்கள் படித்த விஞ்ஞானம்

மல்லாவிப் பழைய மாணவன்:

1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போனபோது நான் எட்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் அடங்காத வகுப்புகள் மரத்துக்குக் கீழே. பொருளாதாரத் தடையால் டோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் வராத காலம். மின் பாடத்தில் முதல் படமே உலர்மின்கலம்! சேர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாளைக்கு டைனமோ பூட்டின சைக்கிள் ஒன்று கொண்டு வாங்கோ" என்றார்.

டைனமோ எங்களுக்குப் புதிதல்ல. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், மற்றவர்கள் ரேடியோவைச் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். (முக்கியமான செய்தி வரும்போதுதான் சுற்றுகிறவனுக்குக் கை ஓயும். அதற்கு ஏச்சு வேறு.) அது எப்படி வேலை செய்கிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

சேர் முதலில் பழுதான டைனமோ ஒன்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு காந்தம், சுற்றிவரச் செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். காந்தம் சும்மா இருந்தால் ஒன்றும் வராது, அது சுழன்று காந்தப்புலம் மாறினால்தான் கம்பியில் மின் பிறக்கும், 1831இல் பரடே கண்டது இதைத்தான் என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பெடலை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். பல்ப் வயர் கழன்றிருந்தது. சில்லு நன்றாகச் சுற்றிவிட்டு மெல்ல நின்றது. வயரைக் கொழுவிவிட்டு மறுபடியும் அதே மாதிரிச் செய்தேன். இந்த முறை பல்ப் எரிந்தது, ஆனால் சில்லு சீக்கிரமே நின்றுவிட்டது. சுற்றும்போதே பெடல் பாரமாக இருந்ததைக் கை சொன்னது. "வெளிச்சம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். "என்ர கையிலயிருந்து சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

டைனமோவிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும், அதற்குத்தான் ரேடியோ திருத்துகிறவர் நடுவில் மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் இருவாயிகளைப் (டயோட்) பற்றவைக்கிறார் என்பதும் அன்றைக்கே விளங்கியது. சோதனையில் எத்தனை புள்ளி எடுத்தேன் என்பது நினைவில்லை.

வவுனிக்குளத்தாள்:

அமிலமா மூலமா (காரமா) என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்) எங்களுக்கு இல்லை. ரீச்சர் செவ்வரத்தம்பூ இதழைக் கொப்பித் தாளில் தேய்க்கச் சொன்னா. தாள் ஊதாவாக மாறிக் காய்ந்தது. தேசிக்காய்ப் புளி விட்டால் சிவப்பு. மூலத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் வேண்டுமே? சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு, பனங்காயைத் தேய்த்து உடுப்புத் தோய்த்த நாட்கள். கடைசியில் அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் இறுத்து ஊற்றினோம். பச்சை! புத்தகத்தில் நீலம் என்று இருந்ததால் ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். அது பாசிச்சாயத்தின் நிறம், இது பூவின் நிறம் என்று ரீச்சர் விளங்கப்படுத்தினா. மஞ்சள் தேய்த்த தாளைச் சாம்பல் தண்ணீரில் போட்டால் செங்கபிலமாகும் என்பதை அந்தப் பிள்ளைதான் பிறகு வீட்டில் கண்டுபிடித்து வந்து சொன்னாள்.

வவுனியாவிலிருந்து ஒரு தகப்பன்:

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. ஆய்வுகூடம், நுணுக்குக்காட்டி எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆனால் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பாடம் கேத்தல்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கொதிக்கக் கொதிக்க அடியில் வெள்ளைப் பொருக்குப் படிந்துவிடும். அது கல்சியம் காபனேற்று என்று சொல்லிவிட்டு அதன்மேல் தேசிக்காய் பிழிந்தாள். சுர்ரென்று நுரைத்தது. "அப்பா, இது காபனீரொட்சைட்டு, சோடாவில வாறதும் இதுதான்" என்றாள். கேத்தல் பளபளவென்று வந்துவிட்டது. சரி, நல்லதுதான். ஆனால் ஊறுகாய்க்கு வாங்கி வைத்த தேசிக்காய் முழுவதும் முடிந்துவிட்டதால் தாய்க்காரி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா.